இரண்டாவது கோப்பை வினைச்சொல்லுக்கு: டெனிஷ் வாக்கியம் கட்டும் முறை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் குசினி மேசையில் ஆறு தேத்தண்ணிக் கோப்பைகளை வரிசையாக வைப்பேன். ஐந்து வெள்ளை, ஒன்று சிவப்பு. சிவப்புக் கோப்பை இடது பக்கமிருந்து இரண்டாவதாக இருக்கும். மேசையைச் சுற்றி மூன்று நான்கு பேர் இருப்பார்கள். கலியாணம் முடித்து ஊரிலிருந்து வந்த பிள்ளைகள், கணினி வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பி. ஆளுக்கொரு கட்டு கடதாசித் துண்டு, துண்டுக்கு ஒரு டெனிஷ் சொல். எந்தத் துண்டு எந்தக் கோப்பைக்குள் விழவேண்டும் என்பதுதான் பாடம்.

நான் டென்மார்க்குக்கு வந்தது 1991இல். அன்றிலிருந்து யூலன்ட் தீபகற்பத்தின் நடுப்பகுதியில், ஹெர்னிங் நகரத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வந்த முதல் இரண்டு வருடமும் சொற்களைத்தான் பாடமாக்கினேன். கொப்பி கொப்பியாக எழுதி, பஸ்ஸில் போகும்போதும் முணுமுணுத்துக்கொண்டு போவேன். ஆனாலும் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவரின் நெற்றி சுருங்கும். சொல் என்னிடம் இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த இரண்டு வருடத்தை உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தரத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெனிஷ் சொற்களைக் காதில் விழும் ஒலிக்குக் கிட்டத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அந்த மொழியில் எழுதுவது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. சொல்லின் கடைசிப் பாதியை விழுங்கிவிடுவார்கள். ஆகவே எழுத்துக்கூட்டலை அகராதியில் பாருங்கள், உச்சரிப்பை வானொலியில் கேளுங்கள். இங்கே நாம் பார்க்கப்போவது இடம், வரிசை.

தமிழில் "பூனை நாயைப் பார்க்கிறது" என்றாலும் "நாயைப் பூனை பார்க்கிறது" என்றாலும் பார்ப்பது பூனைதான். நாயின் பின்னால் ஒட்டியிருக்கும் ஐகாரம் அதைக் காவல் காக்கிறது. சொல் எங்கே போனாலும் உருபு கூடவே போகும். டெனிஷில் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. "கட்டென் சேர் ஹுனென்" என்றால் பூனை நாயைப் பார்க்கிறது. இரண்டையும் இடம் மாற்றி "ஹுனென் சேர் கட்டென்" என்றால் கேட்பவர் நாய்தான் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்வார். நான், நீ, அவர் போன்ற சின்னச் சொற்களுக்கு மட்டும் வடிவம் மாறும். நான் என்றால் யாய், என்னை என்றால் மாய். மற்றதெல்லாம் நிற்கும் இடத்தால்தான் விளங்கும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. டெனிஷ் வினைச்சொல்லுக்கு ஆள் பார்த்து விகுதி கிடையாது. குடிக்கிறேன், குடிக்கிறாய், குடிக்கிறார், குடிக்கிறோம், குடிக்கிறார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே டிரெக்கர்தான். யாய் டிரெக்கர், டு டிரெக்கர், ஹன் டிரெக்கர், வி டிரெக்கர், டி டிரெக்கர். "நாளைக்கு வாறன்" என்று நாங்கள் நிகழ்காலத்திலேயே சொல்வதைப் போல அவர்களும் "யாய் கொம்மர் இ மோர்ன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடுவார்கள். ஏவலுக்கு வினையடியே போதும்: கொம், வா.

ஆனால் விகுதி இல்லாததற்கு ஒரு விலை உண்டு. தமிழில் "வருகிறேன்" என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே நான் இருக்கிறேன். டெனிஷில் "கொம்மர்" என்று மட்டும் சொன்னால் யார் வருகிறார் என்று எவருக்கும் தெரியாது. எழுவாயை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களின் முதல் பிழை இதுதான், எனக்கும் இதுதான் முதல் பிழை. எழுவாயே இல்லாத மழைக்கும் குளிருக்கும்கூட அவர்கள் ஒரு பொம்மை எழுவாயை நிறுத்துவார்கள். "டெ ரைனர்" என்றால் மழை பெய்கிறது. "டெ ஏர் கோல்ட்" என்றால் குளிர்கிறது. அந்த டெ எதையும் குறிக்கவில்லை, இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏதாவது இருக்கிறது என்று சொல்லும்போது அந்த வேலையை டேர் என்ற சொல் செய்யும்: "டேர் ஏர் கஃபெ இ கொப்பென்", கோப்பைக்குள் கோப்பி இருக்கிறது.

அதேபோல ஏர் என்ற வினையையும் விடக்கூடாது. "அவர் டொக்டர்" என்று நாங்கள் வினையே இல்லாமல் முடித்துவிடுவோம். டெனிஷில் "ஹன் ஏர் லேயெ" என்று ஏர் நடுவில் வரவேண்டும். தொழிலைச் சொல்லும்போது 'ஒரு' என்ற சொல் தேவையில்லை. அதில் தமிழும் டெனிஷும் ஒன்று.

இப்போது சிவப்புக் கோப்பைக்கு வருவோம்.

சாதாரண வாக்கியம் ஒன்றில் காலம் காட்டும் வினை எப்போதும் இரண்டாவது இடத்தில் நிற்கும். முதலிடத்தில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். நான் இருக்கலாம், இன்றைக்கு இருக்கலாம், ஹெர்னிங் இருக்கலாம். அடுத்தது வினைதான். இரண்டாவது இடம் என்றால் இரண்டாவது சொல் என்று எடுக்காதீர்கள், இரண்டாவது பகுதி. "இ மோர்ன்" என்பது எழுத்தில் இரண்டு சொல், ஆனால் நாளைக்கு என்ற ஒரே பகுதி. ஒரே கோப்பைக்குள் போகும்.

யாய் டிரெக்கர் கஃபெ இ டே. நான் இன்றைக்குக் கோப்பி குடிக்கிறேன்.
இ டே டிரெக்கர் யாய் கஃபெ. இன்றைக்கு நான் கோப்பி குடிக்கிறேன்.

இரண்டாவது வாக்கியத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். இன்றைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் நான் எழும்பி வினைக்குப் பின்னால் போய்விட்டேன். வினை அசையவே இல்லை. தமிழில் யோசித்துவிட்டுச் சொன்னால் "இ டே யாய் டிரெக்கர்" என்றுதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

அதைத் திருத்தியவர் எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு கிழவர். வாழ்நாள் முழுக்கப் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், தொண்ணூறு வயதுக்குக் கிட்ட. நான் காலையில் அவருக்குச் சப்பாத்து மாட்டிவிடும்போது ஏதாவது கதைப்பேன். வினையை மூன்றாவது இடத்தில் வைத்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், இரண்டு விரலை உயர்த்திக் காட்டுவார். நடுவிரல் மடங்காமல் விறைத்துப்போன கை. "நொமர் டோ" என்பார், இரண்டாம் நம்பர். நான் திரும்பச் சொல்வேன். சரியாக வந்தால் விரல்கள் கீழே இறங்கும். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படிப் போனது. அதற்குப் பிறகு இந்தப் பிழை எனக்கு வரவில்லை. இன்றைக்கும் "இ டே" என்று தொடங்கினால் அந்தக் கை கண்ணுக்குள் வரும்.

அவரை 'டு' என்று அழைக்க நான் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். டு என்றால் நீ. தாத்தா வயதுக்காரரை நீ என்பதா என்று நாக்கு கூசியது. டெனிஷில் மரியாதைப் பன்மை ஒன்று இருக்கிறது, ஆனால் அன்றாடப் பேச்சில் அநேகமாக மறைந்துவிட்டது. வயதானவரையும் மேலதிகாரியையும் பிள்ளையையும் டு என்றுதான் அழைப்பார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மரியாதையைக் கேட்கும் விதத்தில் காட்டலாம். "மோ யாய் பே ஓம் எட் க்ளாஸ் வான்?" என்றால் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கலாமா என்று பணிவாகக் கேட்பது. தயவுசெய்து என்ற சொல்லைத் தேடி அலையாதீர்கள், மோ யாய் என்று தொடங்கினாலே பணிவு வந்துவிடும்.

அந்தக் கேள்வியில் வினை முதலிடத்துக்கு வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆம், இல்லை என்று பதில் எதிர்பார்க்கும் கேள்விகளில் முதல் கோப்பை வெறுமையாக இருக்கும், வினை தன் சிவப்புக் கோப்பையிலேயே இருக்கும். "டிரெக்கர் டு கஃபெ?" கோப்பி குடிப்பீர்களா? எங்களுடைய ஆ என்ற கேள்வி விகுதிக்குப் பதில் அந்த வெறுமைதான். என்ன, எங்கே, எப்போது என்ற கேள்விச் சொல் வந்தால் அது முதல் கோப்பைக்குள் போகும்: "வ ஹெதர் டு?" உங்கள் பெயர் என்ன? "வோர் போர் டு?" எங்கே இருக்கிறீர்கள்?

மற்றக் கோப்பைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது எழுவாய்க்கு, அது முதல் கோப்பையில் இல்லாவிட்டால். நான்காவது இக்கெ என்ற எதிர்மறைச் சொல்லுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும். ஐந்தாவது இரண்டாவது வினைக்கு, அப்படி ஒன்று இருந்தால். ஆறாவதில் மிச்சம் எல்லாம்: எதை, எங்கே, எப்போது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. பவுல் டிடரிக்சென் என்ற டெனிஷ் மொழியியலாளர் 1946இல் தன் இலக்கண நூலில் வாக்கியத்தை இப்படிக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். இன்றைக்கும் மொழிப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் பலகையில் கோடு கிழித்துப் போடுவது அந்தக் கட்டங்களைத்தான். கட்டம் எனக்குத் தலைக்குள் ஏறவில்லை, கோப்பை ஏறியது.

ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு என்னால் வர முடியாது. கோடு ஒவ்வொன்றும் கோப்பைகளுக்கு இடையில் உள்ள இடைவெளி, வெறுங்கோப்பைக்குப் புள்ளி.

யாய் | கான் | . | இக்கெ | கொம்மெ | இ மோர்ன்
இ மோர்ன் | கான் | யாய் | இக்கெ | கொம்மெ | .

கான் என்றால் முடியும், கொம்மெ என்றால் வர. தமிழில் "வர முடியும்" என்று வருவது முன்னால், முடிவது பின்னால். டெனிஷில் தலைகீழ். முடியும், வேண்டும், விரும்பு போன்ற துணைவினைகள் சிவப்புக் கோப்பையில், உண்மையான வேலை ஐந்தாவதில். முடிந்துபோன செயலுக்கும் இதே ஏற்பாடுதான்: "யாய் ஹார் இக்கெ ஸ்பீஸ்ட்", நான் சாப்பிடவில்லை. ஹார் சிவப்பில், ஸ்பீஸ்ட் ஐந்தாவதில். போவது, வருவது போன்ற நகரும் வினைகளுக்குப் பெரும்பாலும் ஹார் இருக்கும் இடத்தில் ஏர் வரும்: "ஹன் ஏர் கோயெத்", அவர் போய்விட்டார்.

ஸ்கல் என்ற துணைவினைக்கு ஒரு சலுகை உண்டு. எங்கேயாவது போகவேண்டும் என்றால் போவதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். "யாய் ஸ்கல் யெம்" என்றால் நான் வீட்டுக்குப் போகவேண்டும். ஐந்தாவது கோப்பை வெறுமைதான், எல்லாருக்கும் விளங்கும். வேலை முடிந்ததும் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாக்கியம் இது.

இக்கெயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். "யாய் ஸ்பீசர் இக்கெ ஃபிஸ்க்", நான் மீன் சாப்பிடுவதில்லை. வினைக்குப் பின்னால் இக்கெ, அதற்குப் பின்னால் மீன். சரி. இப்போது மீன் இருந்த இடத்தில் அவரை என்ற சின்னச் சொல்லை வைத்துப் பாருங்கள். எனக்குப் பேட்டரைத் தெரியாது என்றால் "யாய் கென்னர் இக்கெ பேட்டர்". எனக்கு அவரைத் தெரியாது என்றால் "யாய் கென்னர் ஹம் இக்கெ". ஹம் இக்கெயைத் தாண்டி முன்னால் போய்விட்டது. அழுத்தம் இல்லாமல் சொல்லும் அவரை, அதை, என்னை போன்ற சின்னச் சொற்கள் இப்படி முன்னால் நழுவும். "எனக்குத் தெரியாது" என்று நாளுக்கு இருபது தடவை சொல்லப்போகிறீர்கள், அது "யாய் வெத் டெ இக்கெ". அதை மனப்பாடம் செய்துவிட்டால் இந்த விதி தன்பாட்டில் வந்துவிடும். ஐந்தாவது கோப்பையில் வினை இருந்தால் மட்டும் நழுவமுடியாது. வழியில் ஆள் நிற்கிறதே. "யாய் ஹார் இக்கெ சேத் ஹம்", நான் அவரைப் பார்க்கவில்லை.

இக்கெ உள்ள கேள்விக்குப் பதில் சொல்வதில் நான் பெரிய பிழை ஒன்று விட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வேலை கைமாறும் நேரத்தில் தாதி கேட்டார்: "ஹார் ஹுன் இக்கெ ஃபோயெத் மெடிசீன்?" அவ மருந்து எடுக்கவில்லையா? தமிழில் நினைத்து நான் "யா" என்றேன். ஓம், எடுக்கவில்லை என்ற அர்த்தத்தில். தாதி அதை எடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரவு வந்தவர் பெட்டியில் குளிசை அப்படியே கிடப்பதைக் கண்டார். நல்லகாலம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து அழுதேன். எதிர்மறைக் கேள்விக்கு டெனிஷில் இரண்டு பதில்தான் இருக்கிறது என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். நடக்கவில்லை என்றால் நாய், அதாவது இல்லை. நடந்தது என்றால் யோ. யா என்ற சொல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. சந்தேகம் இருந்தால் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "நாய், ஹுன் ஹார் இக்கெ ஃபோயெத் மெடிசீன்."

அடுத்தது துணைவாக்கியம். இங்கேதான் கோப்பைகளின் வரிசை மாறுகிறது, இங்கேதான் பரீட்சையில் புள்ளியும் போகிறது. ஃபோர்டீ என்றால் ஏனென்றால். அட் என்றால் என்று. விஸ் என்றால் ஆல் விகுதி, வந்தால் போனால் என்பதுபோல. நோர் என்றால் போது. இந்தச் சொற்களில் ஒன்று தொடங்கிவிட்டால் அதற்குள் வினை இரண்டாமிடத்தில் நிற்காது. எழுவாய் முன்னால் வரும், இக்கெ வினைக்கு முன்னால் பாயும், வினை அதற்குப் பிறகுதான்.

யாய் கான் இக்கெ கொம்மெ.
ஃபோர்டீ யாய் இக்கெ கான் கொம்மெ.

இதை முதல் முறை காட்டும்போது கிளிநொச்சியிலிருந்து வந்த பிள்ளை ஒன்று ஐந்து நிமிடம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது. இக்கெ என்று எழுதிய துண்டு பல பேர் கைபட்டு ஓரம் கறுத்து, ஒரு மூலையில் தேத்தண்ணிக் கறையும் பிடித்தது. அந்தத் துண்டை விரலால் மெதுவாகத் தள்ளி, கானுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தது. "அப்ப ஃபோர்டீ வந்தால் இக்கெ வரிசையை மீறி முன்னுக்கு ஓடுது என்ன, அன்ரி?" என்று கேட்டது. அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

காது பழகுவதற்கு இரண்டு வாக்கியம்: "ஹன் சியர், அட் ஹன் இக்கெ கொம்மர்", வரமாட்டேன் என்று அவர் சொல்கிறார். "யாய் வெத் இக்கெ, வோர் ஹன் போர்", அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதைக் கொஞ்சம் பாருங்கள். தனிக் கேள்வியாக இருந்தால் "வோர் போர் ஹன்?" என்று வினை முன்னால் வரும். இன்னொரு வாக்கியத்துக்குள் புகுந்ததும் எழுவாய் முன்னால் வந்துவிடுகிறது.

தமிழின் எச்சங்களுக்கும் இந்த வழிதான். "மீன் சாப்பிடாத மனிதர்" என்று நாங்கள் பெயருக்கு முன்னால் அடுக்குவதை அவர்கள் பெயருக்குப் பின்னால் அவிழ்ப்பார்கள்: "மனென், டேர் இக்கெ ஸ்பீசர் ஃபிஸ்க்". டேர் என்ற சொல் பாலம். நீளமான தமிழ் வாக்கியத்தை டெனிஷில் சொல்ல வேண்டி வந்தால் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி அவிழ்த்துக்கொண்டு வாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

எல்லா இணைப்புச் சொல்லும் இப்படி வரிசையைக் கலைப்பதில்லை. மென் என்ற ஆனால், ஒ என்ற உம், ஃபோர் என்ற ஏனென்றால், இவை இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டும் பசைதான். ஒட்டியபின்னும் இரண்டு பக்கமும் சிவப்புக் கோப்பை தன் இடத்திலேயே இருக்கும். ஃபோர், ஃபோர்டீ இரண்டுக்கும் பொருள் அநேகமாக ஒன்று, வரிசை மட்டும் வேறு. தொடக்கத்தில் பயமாக இருந்தால் ஃபோர் போட்டுக் கதையுங்கள். "யாய் டார் புஸ்ஸென், ஃபோர் டெ ரைனர்", பஸ்ஸில் போகிறேன், ஏனென்றால் மழை பெய்கிறது.

துணைவாக்கியத்தை முன்னால் வைத்தால் ஒரு அழகு நடக்கும். அந்தத் துணைவாக்கியம் முழுவதும் ஒரே பகுதியாகச் சுருங்கி முதல் கோப்பைக்குள் போய்விடும். அடுத்தது சிவப்புக் கோப்பை. ஆகவே வினை.

நோர் டெ ரைனர் | டார் | யாய் | . | . | புஸ்ஸென்

மழை பெய்யும்போது நான் பஸ்ஸில் போகிறேன். கிழவர் இன்றைக்கு இருந்தால் டெ ரைனரில் மூச்சு விட்டதும் இரண்டு விரலைக் காட்டுவார். கடந்த காலத்தில் ஒருமுறை நடந்ததென்றால் நோருக்குப் பதில் டா: "டா யாய் கொம் டில் டான்மார்க், போதெ யாய் இ ஹெர்னிங்", நான் டென்மார்க்குக்கு வந்தபோது ஹெர்னிங்கில் இருந்தேன்.

இவ்வளவும் பார்த்துக் களைத்திருப்பீர்கள். இனி எங்களுக்கு இலகுவான இரண்டு விஷயம்.

ஒன்று, தன். "ஹன் ரிங்கர் டில் சின் கோனெ" என்றால் அவர் தன் மனைவிக்கு அழைப்பெடுக்கிறார். "ஹன் ரிங்கர் டில் ஹன்ஸ் கோனெ" என்றால் வேறு யாரோ ஒருவரின் மனைவிக்கு. தன் என்ற சொல் இல்லாத மொழிகளிலிருந்து வந்தவர்கள் வகுப்பில் இதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு ஒரு நிமிட வேலை. தமிழில் தன் வருமா என்று கேளுங்கள், வந்தால் சின். பொருளைப் பார்த்து அது உருமாறும்: சின் கோனெ, சிட் ஹூஸ், பன்மைக்கு சீனெ வெனர். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். எழுவாய் பன்மையாக இருந்தால் தங்கள் என்பதற்கு டேரெஸ் வரும், சின் வராது. எழுவாய்க்குள்ளேயே சின்னை வைக்கமுடியாது: "பேட்டர் ஒ ஹன்ஸ் கோனெ கொம்மர்", பேட்டரும் அவர் மனைவியும் வருகிறார்கள்.

மற்றது தானே, போல, என்ன போன்ற எங்கள் குட்டிச் சொற்கள். டெனிஷிலும் அவை இருக்கின்றன, இக்கெயோடு அதே நான்காவது கோப்பையில். "ஹன் கொம்மர் யோ இ மோர்ன்", அவர் நாளைக்கு வருகிறார்தானே, அது உங்களுக்கும் தெரியும். "ஹன் கொம்மர் நொக் இ மோர்ன்", நாளைக்கு வருவார் போல. "டு கொம்மர் வெல் இ மோர்ன்?" நாளைக்கு வாறீங்கள் என்ன? முன்னால் பார்த்த பதில் சொல்லும் யோவும் இந்த யோவும் ஒலியில் ஒன்று, வேலை வேறு. இக்கெயும் கூட வந்தால் இவை முன்னால், இக்கெ பின்னால்: "ஹன் கொம்மர் நொக் இக்கெ", வரமாட்டார் போல. பாடப்புத்தகங்கள் இந்தச் சொற்களைப் பின்னுக்குத் தள்ளிவைக்கின்றன. நான் முதல் மாதத்திலேயே கொடுப்பேன். யோ என்ற ஒரு சொல்லைச் சரியான இடத்தில் போட்டால் கேட்பவரின் தோள் தளர்வதைக் காணலாம். அவர்கள் வீட்டுப் பேச்சு உங்கள் வாயில் வந்துவிட்டது அல்லவா.

பெயர்ச்சொல்லில் என், எட் என்ற இரண்டு வகுப்பு இருப்பதை இங்கே விரிக்கவில்லை. விதி சொல்லி மாளாது, சொல்லோடு சேர்த்துப் பாடமாக்குவதுதான் வழி. குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது அந்த என் அல்லது எட் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் என்பது மட்டும் போதும்: கொப், கொப்பென். ஹூஸ், ஹூசெத். டென்மார்க்கில் இருக்கும் தமிழர் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் தமில்சேயென். சே என்றால் விவகாரம், பின்னால் என் ஒட்டியதும் அந்தக் குறிப்பிட்ட தமிழர் விவகாரம், எங்கள் குடும்பங்கள் ஒன்றுசேர்வதற்கான மனுக்கள் முடக்கப்பட்டு, 1993 ஜனவரியில் ஒரு அரசாங்கமே பதவி விலகிய அந்த விவகாரம்.

பயிற்சிக்கு ஒரு நாளில் ஒரு வாக்கியம் போதும். நாளைக்கு உண்மையாகவே சொல்லப்போகும் வாக்கியமாக எடுங்கள், புத்தகத்து வாக்கியம் வேண்டாம். துண்டுகளில் எழுதுங்கள். எழுவாயை முன்னால் வைத்து ஒருமுறை, நேரத்தை முன்னால் வைத்து ஒருமுறை, கேள்வியாக ஒருமுறை, ஃபோர்டீ போட்டு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கை துண்டை நகர்த்தும்போது வாயும் சேர்ந்து பழகும்.

போன மாசி மாதம் அந்தக் கிளிநொச்சிப் பிள்ளையின் மகளுக்குக் காய்ச்சல். துப்புரவு வேலைக்கு விடியப் போகவேண்டும். வழக்கத்தில் கணவர்தான் அவளுக்காக அழைப்பெடுத்துச் சொல்வார். அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. ஞாயிறு இரவு என் மேசையிலிருந்தே மேற்பார்வையாளருக்கு எடுத்தாள். முன்னால் கோப்பைகள் இன்னும் கழுவாமல் வரிசையில் இருந்தன. சிவப்புக் கோப்பையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இ மோர்ன் கான் யாய் இக்கெ கொம்மெ, ஃபோர்டீ மின் டேட்டர் ஏர் சூ." அந்தப் பக்கத்திலிருந்து "டெ ஏர் இ ஓர்டென், கோ பெத்ரிங்" என்று குரல் வந்தது. பரவாயில்லை, சுகமாகட்டும்.